கண்ணாடிக்காரர் வெளியே காத்திருக்கிறார்

மார்ச் 2

வாலு,

இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் வேறு பெயரில் உன்னைக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. “நாப்பத்தாறு வயசுக்காரியை இன்னும் வாலுன்னா கூப்பிடுவீங்க?” என்று உன் அண்ணி கேட்கிறாள். என் பள்ளிக்கூடச் சட்டையைக் கத்தரித்துப் பொம்மைக்குப் பாவாடை தைத்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

போனை நீ எடுப்பதில்லை. என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது எனக்கு மூன்றாவது மாதம்தான் உறைத்தது. அதுவரை உன் போன் பழுது என்று அண்ணியிடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் கதவு திறப்பதில்லை. அதனால் தபால்காரரை நம்பி எழுதுகிறேன். லிப்ட் ரிப்பேர்காரன் கை, எங்கேயாவது எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் 22ஆம் தேதி ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஒரு காணொளிக் கூட்டம். நகராட்சியின் சமூக நலப்பிரிவு நடத்துகிறது. ‘சமூக நடனத்தைப் பரப்புவது எப்படி’ என்பது தலைப்பு. படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நூலகத்துக்குப் பின்னால் நாங்கள் ஆடின கூடத்துக்கு எட்டு மாதமாகப் பூட்டு. இப்போது அதே ஆட்டத்தை ஆறு பேட்டைகளில் ஆரம்பிக்கப் போகிறார்களாம். வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள், வேலை முடிந்து சோர்ந்து வருகிறவர்கள் எல்லோரும் வந்து வட்டமாக நின்று ஆடினால் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தையே முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளச் சொல்லி எங்களோடு ஆடின பல் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் நிகழ்ச்சிநிரலில் நாலாவதாக ‘பாதுகாப்பு’ என்று ஒரு வரி இருக்கிறது. அது அந்தக் கூடத்தில் நம்மை விட்டுப் போன மாப்பிள்ளைதான். பெயரைப் போடவில்லை, அவ்வளவுதான்.

அதிகாரி அம்மா என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மாதிரி. “உங்க தங்கச்சி விசாரணைப் படிவத்துல எழுதினது அப்படியே ஃபைல்ல இருக்கு சார். அதை வச்சுக்கிட்டு உங்ககிட்ட நான் எப்படிக் கூடத்தைக் குடுக்கறது? குடும்பத்திலேருந்து ஒரு வார்த்தை வந்தா நல்லாருக்கும்” என்றார்.

நீ எழுதியது ஒரே வரி. ‘என் கணவருக்கு இதய நோய் இருந்தது என் அண்ணனுக்குத் தெரியும்.’ எனக்கு அது மனப்பாடம்.

எனக்காகப் பேச வேண்டாம் வாலு. பேக்கரி அக்காவுக்காகப் பேசு. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு போக்கிடம் இல்லாமல் அவள் கடை ஷட்டரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஆட்டம் ஆளைக் கொல்லவில்லை என்று மட்டும் சொன்னால் போதும். முகத்தைக் காட்டத் தேவையில்லை. கேமராவை அணைத்துவிட்டுப் பேசலாம். சேர்வதற்கான எண்ணை அடியில் எழுதியிருக்கிறேன். வருகிறவர்களை உள்ளே விடுகிற வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள், அதிகாரி அம்மாவுக்கு அந்தப் பொத்தான்களெல்லாம் அலர்ஜியாம். நீ வந்தால் நானே கதவைத் திறப்பேன்.

சாப்பிடுகிறாயா? இதைத்தான் முதல் வரியில் கேட்க நினைத்தேன்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. எண்ணெய்க் கறை இருந்தது.

எனக்கு ஒரு கேள்விதான். ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னாலும் கத்திக் கேட்டேன், நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். மறுபடி கேட்கிறேன். அவருக்கு இதயம் பலவீனம் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

பதினோரு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் உன் கண்முன்னால் ஆடினார். மூச்சு வாங்கியிருக்கும். முகம் வெளுத்திருக்கும். லிப்டில் ஒரு கம்பி தேய்ந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாய். என் வீட்டு மனுஷன் தேய்ந்தது மட்டும் உனக்குத் தெரியவில்லையா?

தெரியும் என்று சொல். ஒரே ஒரு தடவை சொல், போதும். அதற்கப்புறம் உன் கூட்டத்தைப் பற்றி யோசிக்கிறேன்.

சாப்பிடுகிறேன். வேலைக்குப் போகிறேன். ஸ்கேன் நிலையத்தில் இன்னொரு பெண் நின்றுவிட்டதால் அவள் பங்கையும் சேர்த்து ஒரு நாளைக்கு அறுபது ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறேன். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக்கொண்டு அடிக்க வேண்டியதுதான். யார் வீட்டு நோய் என்று யோசிக்காமல் விரல் பாட்டுக்கு ஓடும். இப்போதெல்லாம் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் மேலே இருக்கிற பெயரைப் படித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். அதனால் நேரமாகிறது.

தங்கை


மார்ச் 13

வாலு,

தெரியாது.

இதை எழுதுவதற்கு முன்னால் ஒரு மணிநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரியும் என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். நீ கேட்கிறது அதைத்தான், எழுதினால் கூட்டத்துக்கு வருவாய், என்னோடு பேசுவாய்கூட. ஆனால் அது பொய் வாலு. எனக்குத் தெரிந்திருந்தால் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டிப் போட்டிருப்பேன். அவர் அந்த வட்டத்துக்குள் காலையே வைத்திருக்க மாட்டார்.

முகம் வெளுத்திருக்கும் என்கிறாய். அங்கே முப்பது பேர், முப்பது பேருக்கும் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கிற இடம் அது. நீ ஒருநாளும் வந்து பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. யாராவது அடியைத் தப்பாக வைத்தால் திருத்தக்கூடாது. அடுத்த சுற்றில் எல்லோரும் அதே தப்பைச் செய்ய வேண்டும். மாப்பிள்ளை முதல் நாளே வலது பக்கம் போகிற இடத்தில் இடது பக்கம் திரும்பி, பேக்கரி அக்கா மேல் போய் மோதினார். கூனிக்குறுகி நின்றார். அடுத்த சுற்றில் முப்பது பேரும் இடது பக்கம் திரும்பி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, பல் டாக்டரின் செருப்பு ஜன்னலுக்குப் போய்விட்டது. அதற்குக் ‘கண்ணாடிக்காரர் திருப்பம்’ என்று பெயர் வைத்தோம். எங்கள் கூட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவர் கண்ணாடிக்காரர், நான் லிப்ட். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை உன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அந்தக் கடைசி ஞாயிறு நடந்ததை நீ கேட்கவே இல்லை, நானாகச் சொல்கிறேன். மூன்றாவது சுற்று முடிந்ததும் சுவரோரம் இருந்த பெஞ்சுக்குப் போனார். “ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன் மச்சான், நீங்க நிறுத்தாதீங்க” என்றார். நான் தலையாட்டிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டேன். நாலு நிமிஷப் பாட்டு. அது முடிந்த பிறகுதான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அந்த நாலு நிமிஷத்துக்காக என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று மட்டும் சொல்லச் சொல்லாதே.

22ஆம் தேதி, நாலு மணி. நீ வர மாட்டாய் என்று நினைக்கிறேன். எண்ணை மறுபடியும் அடியில் எழுதியிருக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 22

எதற்காகக் கூப்பிட்டாய்?

வா வா என்று ரெண்டு கடிதம் எழுதிவிட்டு, வந்தவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள எப்படி மனசு வந்தது உனக்கு?

என் போனில் பேசினால் எதிராளிக்குக் கேட்பதில்லை. அதனால் அவருடைய கம்ப்யூட்டரை எடுத்தேன். எட்டு மாதமாகப் பீரோவுக்குள் இருந்தது. திறந்தால் விசைப்பலகை மேல் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணி ஒன்று மடித்து வைத்திருந்தது. அதை எடுத்து ஓரமாக வைக்கவே எனக்குக் கால்மணி நேரம் ஆனது. கடவுச்சொல் தெரியும், என் பிறந்தநாள்தான். நீ சொன்னபடியே கேமராவை அணைத்தேன், நீ எழுதின எண்ணைத் தட்டினேன், ‘சற்றுக் காத்திருக்கவும், விரைவில் உள்ளே அனுமதிக்கப்படுவீர்கள்’ என்று வந்தது. காத்திருந்தேன். பதினோரு நிமிஷம். கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, அதைப் படித்துப் படித்துப் பார்த்துக்கொண்டு.

உள்ளே விட்டாய். கட்டம் கட்டமாக எத்தனை முகங்கள். பேக்கரி அக்காவை அடையாளம் தெரிந்தது. உன் முகமும் தெரிந்தது, இளைத்துவிட்டாய். மைக்கைத் திறந்தேன், மூச்சை இழுத்து ‘வணக்கம்’ என்று ஆரம்பிப்பதற்குள், ‘கூட்டத்திலிருந்து நீக்கப்பட்டுள்ளீர்கள்’. நாலு தடவை திரும்பத் திரும்பத் தட்டினேன். மறுபடி சேர அனுமதி இல்லையாம்.

நான் உனக்கு எதிராகப் பேசிவிடுவேன் என்று பயந்துவிட்டாய். அப்படித்தானே? என் வாயை அடைக்க உனக்கு ஒரு பொத்தான் கிடைத்துவிட்டது.

நான் என்ன சொல்ல வந்தேன் என்று உனக்கு இனி எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை. எழுதாதே.


மார்ச் 25

வாலு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

அது நீயா?

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி ஓடிவந்து என்ன என்ன என்கிறாள். அது நீதான் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

என் பக்கத்தில் என்ன தெரிந்தது என்று சொல்கிறேன். நாலு மணிக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். பெயர் வரும், நான் அமுக்குவேன், முகம் வரும். நாற்பத்திரண்டு பேர் வந்தாயிற்று. அதிகாரி அம்மா துண்டறிக்கை அச்சடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது என் திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது. ‘கண்ணாடிக்காரர் வெளியே காத்திருக்கிறார்.’

போன வருஷம் நாங்கள் ஒரு தடவை இதே மாதிரிக் காணொளியில் பேசினோம். மாப்பிள்ளை அதில் அந்தப் பெயரில்தான் வந்தார். கம்ப்யூட்டர் அதை அப்படியே வைத்திருந்திருக்கிறது. அது இப்போது புரிகிறது. அன்றைக்கு நான் எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை. பதினோரு நிமிஷம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி அம்மா என்னிடம் ஏதோ கேட்டதற்கு ஆமாம் என்றேன், எதற்கு ஆமாம் என்றேனோ தெரியாது. கடைசியில் விரல் தானாக அமுக்கிவிட்டது. அவர் வாசலில் நிற்கும்போது நான் கதவைத் திறக்காமல் எப்படி இருப்பேன்?

உன் கேமரா அணைந்திருந்ததால் அவர் வைத்திருந்த படம் வந்தது. நெற்றி மேல் ஒன்று, மூக்கு மேல் ஒன்று என்று ரெண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிப்பாரே, அந்தப் படம். பேக்கரி அக்கா “ஐயோ” என்று கத்திவிட்டாள். அப்புறம் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அவர் படத்திலிருந்து மூச்சுச் சத்தம் வந்தது வாலு.

எங்கள் குழுவின் இணையப் பக்கத்தில் எவனோ ஒருவன் ஆறு மாதமாக அசிங்கமாக எழுதிக்கொண்டிருக்கிறான். ‘ஆட்டம் போட்டு ஆளை வழியனுப்பும் கூட்டம்’ என்று. அவன்தான் மாப்பிள்ளை பெயரையும் படத்தையும் திருடிக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்தேன். நீக்கு என்று அமுக்கினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாகத்தான் என்று அதையும் அமுக்கினேன்.

அதற்கப்புறம் நாலாவது வரி வந்தது. குடும்பத்திலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று அதிகாரி அம்மா கேட்டார். “வரலைங்க” என்று நான்தான் சொன்னேன்.

ஆறு பேட்டையிலும் ஆட்டம் உண்டு. எங்கள் கூடத்தையும் திறக்கிறார்கள். பயிற்சி பெற்ற ஆட்களை வைத்து நடத்துவார்களாம். ‘முன்னாள் ஒருங்கிணைப்பாளர்’ எந்தக் கூடத்துக்கும் வரக்கூடாது என்று தீர்மானம். முன்னாள் நான்தான். ஆட்சேபம் இருந்தால் ஏப்ரல் ஆறாம் தேதிக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். என்னிடம் என்ன ஆட்சேபம் இருக்கிறது? தெரியாது என்பதை எத்தனை தடவை எழுதுவது?

அது போகட்டும். நீ என்னவோ சொல்ல வந்தாய். என்னைத் திட்டத்தான் வந்தாய் என்றாலும் பரவாயில்லை, சொல்லிவிடு. வாசல் வரை வந்த உன்னை நானே என் கையால் துரத்திவிட்டேன் என்பதுதான் தாங்கவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 1

அண்ணா,

உன் கடிதத்தை நாலு நாள் வைத்திருந்தேன். அவர் பெயரில் வந்தேன் என்பது எனக்குத் தெரியாது. என் பக்கத்தில் மற்றவர்கள் பெயர்தான் தெரிந்தது.

இதில் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். அன்றைக்குக் கையில் பிடித்திருந்தது அதுதான். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்றே வரி.

‘என் கணவருக்கு இதய நோய் இருந்தது எனக்குத் தெரியும். என் அண்ணனுக்குத் தெரியாது. விசாரணைப் படிவத்தில் நான் எழுதியது பொய்.’

போன மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அது முப்பத்தெட்டாவது ரிப்போர்ட். வழக்கம்போல் மேலே இருந்த பெயரைப் பார்க்காமல் அடிக்க ஆரம்பித்தேன். ஆண், வயது ஐம்பத்தொன்று. இதயம் பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறது. உடலை வருத்தும் எதையும் செய்யக்கூடாது. நிறுத்தற்குறி வரை அடித்து முடித்துவிட்டு, அச்சுக்கு அனுப்பும்போதுதான் பெயரைப் பார்த்தேன். என்னிடம் சொல்லாமல் எங்கள் நிலையத்தின் இன்னொரு கிளைக்குப் போய் ஸ்கேன் எடுத்திருக்கிறார். எல்லாக் கிளை ரிப்போர்ட்டும் எங்களிடம்தான் தட்டச்சுக்கு வரும் என்பதை மறந்துவிட்டார், பாவம்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். ஒரு பிரேமுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார். “உங்க ரிப்போர்ட்டை நான்தான் அடிச்சேன்” என்றேன். தலையை நிமிர்த்தாமலே, “பிழையில்லாம அடிச்சியா?” என்றார். அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். வாடிக்கையாளர் ஒருத்தர் உள்ளே வரப் பார்த்து, அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

“மாத்திரை சாப்பிடறேன், உப்பைக் குறைக்கறேன், மாடிப்படி ஏறலை. ஆறு நாள் நீ சொல்றபடி இருக்கேன். ஞாயித்துக்கிழமையை மட்டும் என்கிட்ட விட்டுடு. மச்சான்கிட்ட சொல்லிடாதே, அவர் என்னை நாற்காலியில கட்டிப் போட்டுடுவாரு” என்றார். நீ எழுதியிருந்ததையே அவரும் சொன்னார் அண்ணா. உன் கடிதத்தில் அந்த இடம் வந்தபோது மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று எட்டு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருபது வருஷம் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க நான் நாலு கேள்வி கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டு வந்தால் மட்டும் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பிப்பார். யார் விழுந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று சாப்பிட்டு முடிக்கிறவரை பேச்சு. அது எனக்கு வேண்டியிருந்தது. என் ஆசைக்காகத்தான் விட்டேன். பத்து ஞாயிறு அனுப்பினேன். பத்துக்கும் சட்டையை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “இவருக்கு ஏற்கெனவே ஏதாவது இருந்துதாம்மா?” என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது நீ அவருடைய செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். உன்னைக் கண்டதும் ‘உனக்குத் தெரியும், நீதான் கொன்னே’ என்று கத்திவிட்டேன். கத்தின பிறகு எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. படிவம் வந்தபோது அதையே எழுதினேன்.

ஒரு தடவை தெரியும் என்று சொல் என்று உன்னைக் கெஞ்சினேனே. நீ சொல்லியிருந்தால், தெரிந்தும் விட்டவர்கள் இந்த உலகத்தில் ரெண்டு பேர் என்று ஆகியிருக்கும். நான் தனியாக இருந்திருக்க மாட்டேன். நீ தெரியாது என்று எழுதினது கிடைத்த அன்றைக்குத்தான் இந்த மூன்று வரியை எழுதினேன்.

ஆறாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. காகிதத்தை அதிகாரியிடம் கொடு. பொய் எழுதியதற்கு என்னை என்ன செய்தாலும் செய்யட்டும்.

வாலு


ஏப்ரல் 9

வாலு,

உன் கடிதம் மூன்றாம் தேதியே வந்துவிட்டது. கெடு ஆறாம் தேதியோடு முடிந்தது. தெரிந்துதான் இன்றைக்கு எழுதுகிறேன்.

காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அந்தக் கட்டிடத்து லிப்ட் நான் பார்ப்பதுதான். நாலாவது மாடிக்குப் போனேன், கதவு திறந்தது, அதிகாரி அம்மாவின் அறை எதிரே. இறங்காமல் கீழே வந்துவிட்டேன். மறுபடி போனேன், மறுபடி வந்தேன். வாட்ச்மேன், “என்ன சார், மோட்டார்ல ஏதாவது கோளாறா?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அதைக் கிழித்துப் போட்டேன். உன்னைக் கேட்காமல் கிழித்தது தப்பென்றால் தப்புதான்.

நான் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருக்கிறது. எட்டு மாதம் தெருவில் தலை நிமிராமல் நடந்தேன். பேக்கரி அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் ரொட்டி வாங்க அடுத்த தெருவுக்குப் போனேன். எனக்கே தெரியாமல் எனக்குத் தெரிந்திருக்குமோ என்றுகூட யோசித்திருக்கிறேன், அவர் மூச்சு வாங்கின ஒவ்வொரு ஞாயிறையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்து. அது என்ன பாடு என்று உனக்குத் தெரியாது. மாப்பிள்ளைமேலும் கோபம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கட்டியா போட்டிருப்பேன்? வாய்க்கு வந்ததைச் சொல்கிறவன் நான். பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் போடுகிற வேலையை அவருக்குக் கொடுத்திருப்பேனே. ஞாயிற்றுக்கிழமையும் இருந்திருக்கும், அவரும் இருந்திருப்பார். இதை நினைக்க ஆரம்பித்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அண்ணியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

போன ஞாயிறு எங்கள் கூடத்தில் புதுப் பயிற்சியாளர் வந்து ஆரம்பித்துவிட்டாராம். பல் டாக்டர் சொன்னார், யாராவது தப்பாக ஆடினால் நிறுத்திச் சொல்லிக்கொடுக்கிறாராம். ஆடட்டும். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். அந்தப் பொத்தானை அமுக்கியதற்காகப் பத்து நாள் என் கையை நானே திட்டிக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு திட்டவில்லை. அன்றைக்கு உன்னை உள்ளே இருக்க விட்டிருந்தால் அந்த மூன்று வரியை நாற்பத்திரண்டு பேரிடம் படித்திருப்பாய். அதிகாரி அம்மா குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார். நீ கம்ப்யூட்டரை மூடிவிட்டு அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருப்பாய். பக்கத்தில் ஒருத்தரும் இருந்திருக்க மாட்டார்கள். அதற்கு எனக்குக் கூடம் போனதே மேல்.

என்னிடம் சொல்லிவிட்டாய் அல்லவா, வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

உடனே வந்து உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. ஆனால் இப்போது வந்தால் ஏதாவது கடுமையாகச் சொல்லிவிடுவேன், அப்புறம் அதற்கு ஒரு எட்டு மாதம் ஆகும். கோபம் தீர்ந்ததும் வருகிறேன். எத்தனை நாளாகும் என்று எனக்கே தெரியவில்லை. அதுவரை தனியாக இருக்க முடியவில்லை என்றால் கூப்பிடு. கோபத்தோடேயே வருகிறேன்.

அண்ணன்